அண்ணனுக்கு வந்த கேடிப் பட்டம்

என் அண்ணன் ஏரல் சந்தையிலிருந்து வாழைத்தார் ஏற்றிப் போகும் வண்டிக்காரன். ஒருமுறை அவன் வண்டியில் வந்த துணிமூட்டை காணாமல் போயிற்று. எடுத்தவன் அகப்படவில்லை, வண்டிக்காரன் அகப்பட்டான். சில மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். அதன்பின் சுற்றுவட்டாரத்தில் எங்கே களவு போனாலும் போலீஸ்காரர் எங்கள் வாசலுக்குத்தான் வருவார். ஊரார் அவனைக் ‘கேடி’ என்றார்கள்.

கேடு செய்கிறவன் கேடி என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். “அவன் யாருக்குலே கேடு செஞ்சான்?” என்று என்னிடம் கேட்டுக் கேட்டு அழுவாள். நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவரிடம் விசாரித்தேன்.

“அது தமிழே இல்லவே. கே, டின்னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. போலீசுக்குத் தெரிஞ்ச களவாணின்னு அர்த்தம். பேரோட சேத்து எழுதிக்கிடுவாங்க” என்றார்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். “வெறும் ரெண்டு எழுத்துதானாலே? அழிச்சிரச் சொல்லு” என்றாள். மனு எழுதிப் போட்டேன். பதில் இல்லை. மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

சந்தையில் அந்தச் சொல்லுக்கு வேறொரு மவுசும் வந்துவிட்டது. அடிதடி செய்து திரிந்த சண்டியர்கள் தங்களையே கேடி என்று சொல்லி மீசை முறுக்கினார்கள். அவர்களில் ஒருவன் அண்ணனைத் தேடி வந்தான்.

“அண்ணாச்சி, நீங்க சர்க்காரே சொன்ன கேடி. எங்ககூடச் சும்மா நின்னாப் போதும், சந்தையே நடுங்கும்.”

“மாட்டுக்குத் தண்ணி காட்டணும். வழிய விடுலே” என்று அண்ணன் போய்விட்டான்.

ஆழ்வார்திருநகரித் தேரோட்டம் வந்தால், கூட்டத்தில் களவு நடக்கும் என்று போலீஸ்காரர்கள் முன்கூட்டியே அவனைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்துவிடுவார்கள். ஒரு வருஷம், அவர்கள் வருமுன்பே அவன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான். நான் சோற்றுப் பொட்டலத்தோடு பின்னால் போனேன்.

“உன்ன யாருலே கூப்பிட்டா?” என்றார் ஏட்டு.

“எப்படியும் வருவீங்கள்லா எசமான். பிள்ளைக முன்னால கையப் பிடிச்சு இழுக்க வேண்டாம்னு நானே வந்துட்டேன்.”

ஏட்டு அவன் கக்கத்தில் இருந்த பாயைப் பார்த்தார். வீட்டுக்குப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். “அங்கன ஓரமா விரி” என்றார். அண்ணன் விரித்துப் படுத்தான். உடனே தூங்கியும் போனான்.

பிறகு அவன் மாடுகளை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கொழும்புக்குக் கப்பலேறினான். போலீஸ்காரர் அப்புறமும் வந்து கேட்டார். அவர் வந்தபோதெல்லாம், கொழும்புக்குப் போய்விட்டான் என்று நானும் அதே பதிலைச் சொன்னேன். அங்கிருந்து திரும்பிய ஒருவர், அண்ணன் அங்கேயும் வண்டிதான் ஓட்டுகிறான், உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது என்றார். அதைக் கேட்க அம்மா அப்போது உயிரோடு இல்லை.