மூன்றாந்தரப் பரீட்சார்த்தி

கொம்யூனிகேஷன் கடையில் வேலை பார்ப்பவருக்கு முதல் தகுதி, மற்றவர்களின் பரீட்சை முடிவை முகம் மாறாமல் வாசிப்பது. எனக்கு அது நன்றாக வரும். என்னுடையதை இரண்டு தரம் வாசித்துப் பழகியிருந்தேன். கால்நடை மருத்துவராகும் ஆசையில் உயர்தரப் பரீட்சை எழுதி, இரண்டு தரமும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்து, அரியாலையில் ஒரு கொம்யூனிகேஷன் கடையின் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இனி ஒரேயொரு தரம்தான் எழுதலாம். இப்படி எங்கேயாவது நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். வாருங்கள், சேர்ந்து நிற்போம். கடையில் கதிரை கிடையாது.

மூன்று ஏ

அடுத்த உயர்தர முடிவு வந்த நாள், ஒரு தகப்பன் மகளின் பரீட்சைச் சுட்டெண்ணோடு வந்தார். மகள் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; உள்ளே வரப் பயம். இணையம் விழுந்து விழுந்து எழும்பி, கடைசியில் மூன்று ஏ காட்டியது. இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஐந்து பிரதி கேட்டார். அடித்தேன். மகள் ஓடிவந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, காரணம் மட்டும் வேறு.

பிறகுதான் என்னைக் கவனித்தார். "பிள்ளையும் சோதினை எடுத்தனீரோ?"

"ஓம், ரெண்டு தரம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, தன்னாலான ஆறுதலைச் சொன்னார்: "பரவாயில்லை பிள்ளை, போட்டோக்கொப்பி அடிக்கவும் ஆக்கள் வேணும்தானே."

மேசைக்குக் கீழே

உயிரியல் கொப்பியை மேசைக்குக் கீழே வைத்திருந்தேன். ஆள் இல்லாத நேரம் எடுத்துப் படிப்பேன். படிப்பேன் என்பது கொஞ்சம் கூடின சொல். இரண்டு மாதமாக ஒரே சிறுநீரகத்தின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'உனக்கு மூன்று தரம் போதாது, முப்பது தரம் வேண்டும்' என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். கடைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அந்தக் குரலுக்கு அதுவும் இல்லை.

முதலாளியை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் கொப்பியைக் கண்டுவிட்டார்.

"என்ன, மாட்டு டொக்டருக்கோ படிக்கிறீர்?"

"ஓம் அண்ணை. திருப்பி எழுதுவமோ விடுவமோ எண்டுதான் தெரியேல்லை."

அண்ணை நெற்றியைச் சுருக்கினார். "மாடெண்டாலும் ஒருக்காத்தான் சாகும். நீர் ஏன் பிள்ளை மூண்டு தரம் சாகிறீர்?"

கடைசி நாள்

ஊரில் பாதிப்பேரின் பரீட்சை விண்ணப்பத்தை நான்தான் கணினியில் நிரப்பி அனுப்பினேன். என்னுடையது மட்டும் பாதியில் நின்றது. விண்ணப்பிக்கும் கடைசித் திகதியன்று, கொழும்புத்துறையிலிருந்து ஒரு அக்கா பழைய கணித வினாத்தாள்களைப் பிரதியெடுக்க வந்தார். நாற்பது வயதிருக்கும். பாலர் பாடசாலையில் உதவியாளர். வேலையை நிரந்தரமாக்குவதற்குச் சாதாரண தரக் கணிதம் சித்தியடைய வேண்டும். ஐந்து தரம் எழுதி, ஐந்து தரமும் விழுந்தவர்.

மெஷின் சூடாகும்வரை, கணினித் திரையில் பாதியில் நின்ற விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தார். "உது ஆற்றை போம்?"

"என்ரைதான். அனுப்பப் பயமாக் கிடக்கு அக்கா. திருப்பியும் விழுந்தா?"

விடாமுயற்சி பற்றி ஒரு பிரசங்கம் வரப்போகிறது என்று காதைத் தயாராக்கினேன். வரவில்லை.

"நானும் இந்தமுறை விழுவன் போலைதான் கிடக்கு" என்றபடி தாள்களை அடுக்கினார்.

"பிறகேன் அக்கா எழுதுறீங்கள்?"

"கணக்குக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டதுக்காக நான் விட்டுக் குடுக்கிறதோ?"

டொக்டர்

அன்று கடை பூட்டுமுன் அனுப்பினேன். பிறகு அரைநாள் வேலை, அரைநாள் படிப்பு. சிறுநீரகத்தைத் தாண்டி இதயம் வரைக்கும் போனேன்.

அக்கா சொன்னபடியே விழுந்தார். ஏழாம் தரத்துக்குத் தாள் அடிக்க வந்தபோது என்னைவிட உசாராக இருந்தார். என் முடிவு வந்தபோது சுட்டெண்ணை மூன்று முறை பிழையாக அடித்தேன். பொறுக்கமாட்டாமல் அண்ணையே அடித்துச் சத்தமாக வாசித்தார். ஒரு ஏ, இரண்டு பி. மாதக்கணக்காகக் காத்திருந்து வெட்டுப்புள்ளியும் வந்தது. மயிரிழையில் கால்நடை மருத்துவம் கிடைத்தது. வகுப்பு எப்போது தொடங்கும் என்று விசாரித்தேன். 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றார்கள். அதுவரை அதே மெஷின்தான்.

அண்ணை இரண்டு நாள் என்னை 'நீங்கள்' என்று கூப்பிட்டார். மூன்றாம் நாள், வயிற்றால் போகிற ஆடொன்றை இழுத்துவந்து கடை வாசலில் கட்டினார்.

"அண்ணை, நான் இன்னும் படிக்கவே தொடங்கேல்லை!"

"அதுக்கென்ன டொக்டர், ஆட்டுக்கு உது தெரியாதுதானே."

கனவுக்குப் பொறுமை வேண்டும் என்று புத்தி சொன்ன அத்தனை பேரும், கனவு கிடைத்த பிறகும் வரிசையில்தான் நிற்கவேண்டும் என்பதை மட்டும் வெகு பொறுமையாக மறைத்துவிட்டார்கள்.