டிரில் மாஸ்டரின் முழங்கால்

இன்பசேகரன் சித்தூரில் ஒரு பள்ளியின் டிரில் மாஸ்டர். மைதானம் நிறைந்த பையன்களை ஒரு விசிலில் உட்காரவைப்பார். வீட்டில், மனைவி ஜெயசீலி சொன்ன பிறகுதான் தானே உட்காருவார்.

1979இல் சர்ச்சின் அறுப்புப் பண்டிகை விருந்துக்குச் சபையில் சமையல் பொறுப்பு மாதர் சங்கத் தலைவியான ஜெயசீலிக்கு. அன்று மாலையே பாதிச் சபை புறக்கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கோழிக்கறி என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. மாதர் சங்கத் தலைவியின் சமையலைக் குறை சொன்னவர்களுக்கு அடுத்த விருந்தில் கழுத்தெலும்புதான் விழும்.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். இன்பசேகரனின் வலது முழங்கால் பறங்கிக்காய்போல வீங்கிற்று. குதிகாலைத் தரையில் ஊன்றினால் உயிர் போயிற்று. கண்கள் சிவந்தன. ஒன்றுக்குப் போனால் எரிச்சல் வேறு. இதை மட்டும் அவர் மறைத்துவைத்தார். ஆனால் குளியலறைக் கதவு மெல்லியது.

"கண்ட இடத்துக்குப் போற ஆம்பளைங்களுக்குத்தான் இந்த எரிச்சல் வரும்" என்று பக்கத்து வீட்டுச் செல்லியம்மா ஜெயசீலியிடம் ஓதிவிட்டாள். விருந்துக்கு மறுவாரம்தான் அவர் விளையாட்டுப் போட்டிக்கென்று பையன்களுடன் திருப்பதி போய்வந்திருந்தார்.

"திருப்பதி ஆஸ்பத்திரிக்கே போவோம்" என்றாள் ஜெயசீலி. "டாக்டர் வாயால அப்படி ஒரு வார்த்த வந்துச்சுன்னா, நான் ஏர்பேட்டுக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

டாக்டர் தாட்சாயணி நகரிக்காரர். முழங்காலை அமுக்கினார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், எரிச்சல் இருப்பதையும் கேட்டு வாங்கினார்.

"இதுக்கு முன்னாடி வயித்தால போச்சா?"

இன்பசேகரன் மனைவியைப் பார்த்தார். ஆமாம் என்றால் அவள் கோழியைக் காட்டிக்கொடுத்ததாகும்.

"இல்லீங்க டாக்டரம்மா. நல்லா துன்னேன், நல்லா இருந்தேன்."

"வயித்துல பூந்த கிருமியால இது வரும். இல்லன்னா பொம்பளைங்க சகவாசத்தால வரும். கிருமி போயிட்டாலும் உடம்பு சண்டைய நிறுத்தாம மூட்டுலயும் கண்ணுலயும் காட்டும். வயித்துல ஒண்ணுமில்லைன்றீங்க. சமீபத்துல வெளியூர்ல எங்கயாச்சும் தங்கினீங்களா?"

"இங்க திருப்பதிலதான், பசங்களோட போட்டிக்கு வந்தப்ப. பள்ளிக்கூடத்து பெஞ்சு மேல" என்றார். குரல் அவருக்கே பொய்போலக் கேட்டது. இப்போது வயிற்றைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

ஜெயசீலி எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"போச்சு டாக்டரம்மா! நல்லாவே போச்சு! இவருக்கு மட்டுமா? பாஸ்டரய்யாவுக்கே போச்சு. கோழிய முந்தின ராத்திரியே அரை வேக்காடா வெச்சு மூடிட்டேன்."

"உனக்குத் தெரியுமா?" என்றார் இன்பசேகரன்.

"சபையே சொம்பும் கையுமா ஓடிக்கினு இருந்துச்சு. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப காலு, கண்ணு, எரிச்சல் எல்லாம் ஒரே வியாதிதான். அந்தக் கோழியோட வேல."

"எல்லாருந்தான துன்னாங்க? இவருக்கு மட்டும் ஏன் காலு வீங்குது?"

"சிலபேர் ரத்தத்துல பொறப்புலயே ஒரு அடையாளம் இருக்கும். பி இருபத்தேழுன்னு சொல்லுவாங்க. இருக்கிற எல்லாருக்கும் வியாதி வராது. ஆனா வந்தவங்கள்ல நெறைய பேருக்கு அது இருக்கும். குடும்பத்துல யாருக்காச்சும் வயசு காலத்துலயே முதுகு விறைச்சுப்போச்சா?"

"குடுபல்லில எங்க சித்தப்பா ஆர்தரு" என்றார் இன்பசேகரன். "யாராச்சும் கூப்பிட்டா கழுத்து திரும்பாது. பீரோவத் திருப்புற மாதிரி ஆளே திரும்புவாரு. கம்பீரம்னு நெனச்சுக்கினு இருந்தோம்."

"அதுவும் இதுக்கு ஒறவு முறைதான்."

ஜெயசீலி நிதானமாக உட்கார்ந்தாள். "அப்ப குத்தம் என் கோழில இல்ல. இவரு ரத்தத்துல."

"கோழியிலயும் இருக்கும்மா" என்று டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. சில மாதத்தில் தானாகத் தணிந்துவிடும், கண் வலித்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார்.

சித்தூர் பஸ்ஸில் அவர் கால் நீட்ட இடம்விட்டு ஓரமாக ஒண்டிக்கொண்டாள் ஜெயசீலி. "சித்தப்பா மட்டுந்தானா? உங்க வம்சத்துல இன்னும் யாராச்சும் உண்டா?"

இன்பசேகரன் யோசித்தார். பெரிய அத்தைக்குக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றார். அவள் முகம் தெளிந்தது. பெற்ற நைனாவும் காலையில் எழுந்ததும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருப்பார் என்று சேர்த்தார். சித்தூர் வருவதற்குள் செத்துப்போன தாத்தாவைக்கூட அவர் விடவில்லை.