விஜயநகர் வீட்டு ரிட்டர்ன் கிரில்

1. மறுபடியும் போன்

"உங்க மெஷின் மறுபடியும் நின்னுடுத்து. கொழந்தைக்கு ஜுரம் ஏறிண்டே போறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போறோம்." அவ்வளவுதான். ரமா மேடம் போனை வைத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற எங்கள் முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கன்னடக்காரர். எங்களிடம் தமிழும் கன்னடமும் கலந்துகட்டிப் பேசுவார். "ஏனு பழனி, அதே வீடா? கெலச ஒழுங்கா செஞ்சியா இல்லையா நீ? புது மெஷின் மாராயா அது!" என்று கத்தினார். டூல் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தேன். ஸ்கூட்டரும் லேசில் கிளம்பவில்லை.

இப்போது ஏசி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற ஹனூர். பிழைப்புக்கு மைசூர் வந்து, ஐஸ் ஃபேக்டரியில் தொடங்கி ஏசி கடையில் மெக்கானிக் ஆனவன். ஒரு இடத்தில் உட்கார மாட்டேன், சட்டென்று கோபம் வரும். இரண்டும் இந்தக் கதையில் இருக்கின்றன.

2. ஏன் சென்ட்ரல்?

தொண்ணூறுகளில் மைசூரில் வீட்டுக்கு ஏசி என்றாலே சிரிப்பார்கள். "ஊட்டியில ஐஸ் விக்கப் போறியா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். தியேட்டர், லாட்ஜ், பேங்க்கில் கம்ப்யூட்டர் வைத்த ரூம் என்று எங்கள் பிழைப்பு ஓடியது. அந்த நேரத்தில்தான் விஜயநகரிலிருந்து சம்பத் சார் வந்து, முழு வீட்டுக்கும் சென்ட்ரல் ஏசி வேண்டும் என்றார்.

புது லேஅவுட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய மாடி வீடுகளில் ஒன்று அது. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். ஜன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட ஐயங்கார் குடும்பம். சம்பத் சாருக்கு பேங்க்கில் வேலை, மனைவி ரமா மேடம் கல்லூரியில் பாடம் எடுப்பவர். கூட இருந்தவர்கள் சம்பத் சாரின் அப்பாவும், ஆறு வயசு மகள் வைதேகியும்.

அந்தப் பிள்ளைக்கு வேர்க்காது. பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஜுரமாக ஏறும். முந்தின கோடையில் வலிப்பு வரைக்கும் போயிருக்கிறது. நான் அளவெடுக்கப் போன அன்று சூடு தணிய நனைத்துப் போட்ட பனியனோடு மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஏற்ற ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்கம்மா, ஒரு ரூமுக்கு மட்டும் விண்டோ ஏசி போட்டா போதாதுங்களா? செலவும் கம்மி" என்றேன்.

ரமா மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கோடை பூரா அவளை ஒரு ரூம்ல அடைச்சு வெக்கச் சொல்றேளா? அவ என்ன கிளியா?"

மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட், கீழ்த்தளத்து நடையில் பரண் மேல் காற்றைக் குளிராக்குகிற குழாய்ச் சுருளான கூலிங் காயிலும் அதை ஊதித் தள்ளுகிற புளோயரும், ஃபால்ஸ் சீலிங்கில் டக்ட் என்கிற தகரக் குழாய் ஓட்டி ஒவ்வொரு ரூமுக்கும் காற்று என்று முடிவாயிற்று. ரூமுக்குக் குளிர்ந்த காற்று போனால் மட்டும் போதாது, அதே காற்று திரும்ப மெஷினுக்கு வந்தாக வேண்டும். அது உள்ளே நுழைகிற வாய்தான் ரிட்டர்ன் கிரில். டிராயிங் போட்ட பெங்களூர் இன்ஜினியர் அதை நடைச் சுவரில், சமையலறைக்கு எதிரே வைத்திருந்தார். சமையலறைக் கதவு சாத்தியிருக்கும் என்று அவர் நினைத்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். யாரும் யாரையும் கேட்கவில்லை.

3. சொட்டுத் தண்ணீர்

மெஷின் ஓடத் தொடங்கியது. சாயந்திரம் போய்ப் பார்த்தால் வீடு ஜம்மென்று இருந்தது. வைதேகி உலர்ந்த கவுனைப் போட்டுக்கொண்டு ஆடினாள். சம்பத் சார் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

கொஞ்ச நாளில் முதல் கம்ப்ளெயின்ட் வந்தது. மத்தியானம் மெஷின் நின்றுவிட்டது, பரணிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்றார்கள். டிரெயின் பைப் அடைப்பாக இருக்கும் என்று ஊதிவிட்டு வந்தேன். மறுபடி அதே கம்ப்ளெயின்ட். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கேஜ் போட்டு அளந்தேன், கேஸ் சரியாக இருந்தது. புளோயர் சுற்றியது, பெல்ட் இறுக்கமாக இருந்தது. நான் இருக்கும்வரை மெஷின் பழுதே தெரியாமல் ஓடும். எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சாப்பிடும்போதும் அந்த மெஷின்தான், பஸ்ஸில் போகும்போதும் அந்த மெஷின்தான். வெயில் வேறு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

அப்புறம்தான் முதலில் சொன்ன அந்தப் போன். நான் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வைதேகியை ஈரத்துணியில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. சம்பத் சார் இன்னொரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

4. மடிக்கோல்

மறுநாள் சாயந்திரம் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கூப்பிடுகிறார்களோ இல்லையோ, அதற்கடுத்த நாள் காலையிலேயே போய் நின்றேன். எப்போதும் பழுதான பிறகு மத்தியானம்தானே போயிருக்கிறேன், பழுதாகும்போதே பார்ப்போம் என்று ஒரு வேகம்.

கதவைத் திறந்தது வைதேகி. "சத்தம் போடாதீங்கோ. அம்மா மாடில தூங்கறா. தாத்தா மடியா இருக்கார், தொடாதீங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

நடையில் அவள் தாத்தா நின்றிருந்தார். ஈர வேட்டி, நெற்றியில் திருமண். கையில், பிறர் கை படக்கூடாத மடித் துணியைக் கொடியில் உயர உலர்த்துகிற நீண்ட கோல். அந்தக் கோலால் இன்னொரு ஈர வேட்டியை எடுத்து, என் ரிட்டர்ன் கிரில் மேல் திரை மாதிரி போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "அட, என்னங்க பண்றீங்க பெரியவரே?"

"வாசனை போகாம அடைக்கறேன்" என்றார், சாதாரணமாக. "தளிகையைப் பெருமாளுக்குப் படைக்கறதுக்கு முன்னாடி யாரும் மோந்து பார்க்கப்படாது. மோந்தா அது எச்சில் மாதிரி. உங்க மெஷின் என்னடான்னா, அடுப்பில இருக்கறதை இழுத்துண்டு போய் மாடி வரைக்கும் எல்லார் மூக்குலயும் விடறது. அதை நான் எப்படி அவருக்குப் படைப்பேன்?"

தளிகை என்றால் அவர்கள் வீட்டில் சமையல். அதைத் தினமும் மடியாக, அதாவது குளித்துவிட்டு யாரும் தொடாத சுத்தத்தோடு, செய்பவர் அவர்தான். மத்தியானம் பூஜை முடிந்ததும் வேட்டியை எடுத்துவிடுவார். பிறகுதான் ரமா மேடம் கல்லூரியிலிருந்து வருவார், நானும் வருவேன். நாங்கள் எப்படி அதைப் பார்த்திருப்போம்?

"உங்க மடி பெருசுங்களா, பேத்தி உசுரு பெருசுங்களா?" என்று கத்தியே விட்டேன். வேட்டியைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டேன். ஏணி போட்டுப் பரண் பலகையைத் திறந்தேன். காற்று வர வழியில்லாமல் கூலிங் காயில் மேல் வெள்ளையாக ஐஸ் உறையத் தொடங்கியிருந்தது. அதில் ஒரு பிடி சுரண்டி எடுத்து இறங்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "முந்தாநேத்தும் இதேதானுங்க. காத்து நின்னா கூலிங் காயில்ல ஐஸ் கட்டும். ஐஸ் கட்டினா மெஷின் நிக்கும், உருகினா தண்ணி சொட்டும்."

அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். "நான் வாசனையைத்தானே அடைச்சேன். காத்தை அடைக்கலையே" என்றார். பிறகு, "அப்போ முந்தாநேத்து அவளுக்கு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் நிறுத்தினார். கோல் அவர் கையிலிருந்து நழுவிச் சுவரில் சாய்ந்தது.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ரமா மேடம் சத்தம் கேட்டு மாடிப்படியில் வந்து நின்றிருந்தார்.

"சமையல் ரூம் கதவைச் சாத்திக்கிட்டா வாசனை வராதுங்களே" என்றேன், குரலை இறக்கி.

"சாத்தினா அவ எங்கே உக்காருவா?" என்றார் பெரியவர்.

வாசற்படியைப் பார்த்தேன். மடியாக இருக்கிறவரை அவள் தொட முடியாது, உள்ளே போகவும் கூடாது. அதனால் தினமும் காலையில் அந்தப் படியில் உட்கார்ந்துதான் தாத்தாவோடு கதை பேசுவாள். அவளுக்காகக் கதவைத் திறந்து வைத்தார், பெருமாளுக்காக கிரில்லை மூடினார். இரண்டும் சேர்ந்து அவளையே படுக்க வைத்துவிட்டது.

5. பழமும் பாலும்

வழி என்னவோ எங்கள் தொழிலில் தெரிந்ததுதான். ரிட்டர்ன் கிரில்லை மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்ற வேண்டும். சமையலறைப் பின்சுவரில் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட வேண்டும். அது உள் காற்றை வெளியே தள்ளினால், நடையிலிருக்கிற காற்று சமையலறைக்குள் போகுமே தவிர, உள்ளே இருப்பது வெளியே வராது. ஆனால் அந்த ஃபேன் பெங்களூரிலிருந்து வர வேண்டும்.

"அதுவரைக்கும் விடியக்காலையே சமைச்சு முடிச்சிட்டா? அந்த நேரம் மெஷினை நிறுத்திக்கலாம்" என்றேன்.

"ஆறினதைப் பெருமாளுக்கு வைக்கறதில்லை" என்றார் பெரியவர். அப்புறம் ரமா மேடம் பக்கம் திரும்பி, "மெஷின் ஓடட்டும். துணி போட மாட்டேன். ஃபேன் வர வரைக்கும் பெருமாளுக்குப் பழமும் பாலும்தான்" என்றார்.

பெருமாளுக்குப் படைக்காததை அவர் தொடமாட்டார். பூஜைக்குப் பிறகு மற்றவர்களுக்கு ரமா மேடம் சமைத்தார். பெரியவர் வாழைப்பழமும் பாலுமாக இருந்தார். வைதேகி, "ஏன் தாத்தா தளிகை பண்ணலை?" என்று கேட்டால், "பெருமாளுக்கு இப்போ பழம்தான் வேணுமாம்" என்பார். நான் டக்ட் வேலை செய்துகொண்டே இதைக் கேட்பேன். எனக்கு டிஃபன் பாக்ஸைத் திறக்கவே கூச்சமாக இருக்கும். எழுபதைத் தாண்டிய மனுஷர், படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பார்சல் ஆபீசுக்கு நடையாக நடந்தேன். "ஒரு ஃபேனுக்கு ஏன் இப்படிப் பேயா அலையறே?" என்றார் முதலாளி.

"ஒரு பெரியவர் சோறு சாப்பிடாம இருக்காருங்க."

அவர் விஷயத்தைக் கேட்டார். மறு பேச்சில்லாமல் பெங்களூருக்கு அவரே போன் போட்டு, என்னைத் திட்டியதைவிட நாலு மடங்கு அவர்களைத் திட்டினார். ஃபேன் மறுநாள் வந்தது.

6. வாசற்படி

பின்சுவரைக் கொல்லைப் பக்கமிருந்தே உடைத்து ஃபேனைப் பொருத்தினோம். சமையலறைக்குள் நான் கால் வைக்கக் கூடாது, வைக்கவுமில்லை. வெளியே நின்று உடைத்ததற்கே அவர்கள் உள்ளே கழுவிவிட வேண்டியிருந்தது. அது அவர்கள் வீட்டு வழக்கம், எனக்கு ஃபேன் சுற்றினால் போதும்.

பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வாசற்படியில் பிடித்தேன். புகை நேராக எழும்பவில்லை. வளைந்து சமையலறைக்குள் போனது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊதுபத்தியை அணைத்த பிறகும் பார்த்தார்.

மறுநாள் என்னைச் சாப்பிட வரச் சொன்னார்கள். வெளியே நல்ல வெயில். ஹாலில் உட்கார்ந்திருந்தேன். காலையில் வேறு ஒன்றும் சாப்பிடவில்லை, பசி வயிற்றைக் கிள்ளியது. மூக்கை எவ்வளவு இழுத்தும் ஒரு வாசனையும் இல்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே பெரியவர் தாளித்துக்கொண்டிருந்தார். படியில் வைதேகி உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்த குளிர்ந்த காற்றெல்லாம் அவளைத் தாண்டித்தான் சமையலறைக்குள் போக வேண்டும். உலர்ந்த கவுன் முதுகில் படபடத்தது. "குளிர்றது தாத்தா" என்றாள்.

"போய் ஒரு சால்வை எடுத்துப் போத்திண்டு வா" என்றார் அவர்.

வேர்க்காத அந்தப் பிள்ளை நடுக்கோடையில், அடுப்புக்கு எதிரே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கதை கேட்டாள். திரும்பிப் போய் ஹாலில் உட்கார்ந்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு இடத்தில் அப்படி அசையாமல் நான் உட்கார்ந்ததில்லை.

பிள்ளைகளே, ஹீட் லோடு, டக்ட் சைஸ் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குப் போனால் டேப்பை எடுப்பதற்கு முன்னால், இந்த வீட்டில் எந்தக் கதவைச் சாத்தவே மாட்டீர்கள், யாருக்காக என்று கேளுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் கேளுங்கள்.