நாலு தட்டுக்குள் அடங்காத அறுப்புப் பாட்டு

பாட்டைக் காகிதத்தில் ஏற்றும் வேலையில், பாடுகிறவருக்கு எண்ண வராது, கம்ப்யூட்டருக்கு எண்ண மட்டும்தான் வரும், நடுவில் உட்கார்ந்து தட்டுகிறவளுக்கு இரண்டும் சேர்ந்து தலை சுற்றும். புதிதாக எதையோ கற்றுக்கொள்ளக் கிளம்பி, போன வேகத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்ற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தரங்கம்பாடியில் நடக்கும் பாடகர் குழுப் போட்டிக்குப் போன வருஷம் எங்கள் தஞ்சாவூர் சர்ச் சபை போனது. குழுத் தலைவர் டேனியல் அண்ணன் தானே மெட்டமைத்த அறுப்பின் பண்டிகைப் பாட்டு. அவர் நோட்டில் பேனாவால் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து நீட்டினோம். ஐந்து கோட்டில் சுரக்குறி அச்சிட்ட நொட்டேஷன் இல்லாவிட்டால் மேடை கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய்க் கடற்காற்று வாங்கிவிட்டு வந்ததுதான் மிச்சம். டேனியல் அண்ணன் உரக்கடை வைத்திருப்பவர், வாய் ஓயாது. அன்றைக்கு வேனில் தஞ்சாவூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல், "அடுத்த வருஷம் நான் அச்சடிச்சுத் தர்றேன் அண்ணே, கான்வென்ட்ல பியானோ படிச்சவதானே நான்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

மூச்சுக் கணக்கு

சுரக்குறி எழுதுகிற மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. திறந்தால் ஐந்தைந்து கோடுகள், கட்டம் கட்டமாக. ஒரு கட்டத்துக்குத் தாளத்தில் நாலு தட்டு. ஐந்தாவது தட்டை வைத்தால் அது பக்கத்துக் கட்டத்தில் போய் விழுகிறது. மூன்றோடு நிறுத்தினாலோ, நான் கேட்காமலே ஒரு ஓய்வுக் குறி வந்து சம்மணம் போட்டு உட்காருகிறது. அழித்தால் அதே இடத்தில் இன்னொரு ஓய்வுக் குறி. யார் வீட்டில் யார் உட்காருவது?

டேனியல் அண்ணன் நோட்டில் டோ, ரே, மீ என்று எழுத்து மட்டும்தான் இருக்கும். எது எவ்வளவு நேரம் என்பது அவர் தலைக்குள் இருக்கும். போன் போட்டேன். "அண்ணே, 'கதிர்'னு வர்ற இடத்துல எத்தனை தட்டு நீட்டணும்?" "நல்லா நீட்டணும்மா." "நல்லான்னா எத்தனை?" கடையிலேயே பாடிக் காட்டினார். நடுவில் யாரோ யூரியா இருக்கா என்று கேட்க, பாட்டை விடாமலேயே இல்லை என்று கையாட்டியிருப்பார் போலிருக்கிறது, அந்த ஆள் இரண்டாம் முறையும் கேட்டார். நான் ஒன்பது வரை எண்ணினேன். மறுபடி பாடச் சொன்னேன், பன்னிரண்டு வந்தது. எது சரி என்று கேட்டதற்கு அண்ணன் சொன்னார்: "ரெண்டும் சரிதான் ஸ்டெல்லாம்மா. மூச்சு இருக்கிற வரைக்கும் நீட்டு, முடிஞ்சதும் நிறுத்திடு. அதை அப்படியே எழுதிடேன்."

வீட்டுக்காரர் குரல்

எங்கள் வீட்டுக்காரர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். அவர் பகுதியை ஏற்ற எனக்கு நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள், அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, பெருமையாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, பொத்தானை அமுக்கினேன். காதோரம் கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் கீச்சுக் கீச்சென்று முழுப் பாட்டையும் பாடி முடித்தது. ஆண்கள் கோட்டுக்குப் பதிலாகப் பெண்கள் கோட்டில் ஏற்றியிருக்கிறேன், அதிலும் ஒரு ஸ்தாயி தூக்கி. எந்த நாளில் எந்தப் பொத்தானில் அந்தப் புத்தி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் குரலை நீ ஒரு நாள்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லைன்னு இப்பத்தான் புரியுது."

கட்டங்கள்

சுரத்துக்குக் கீழே வார்த்தை போட வேண்டும். ஓர் அசையைத் தட்டிவிட்டு இடைவெளிப் பொத்தானை அமுக்கினால் அடுத்த சுரத்துக்குத் தாவும். எனக்கோ டைப்ரைட்டிங் பழக்கம். கட்டைவிரல் தானாக இரண்டு தட்டுத் தட்டும். 'களத்துமேடு' என்ற ஒரே வார்த்தை பாட்டின் முதல் வரியில் ஆரம்பித்து மூன்றாவது வரியில் போய் முடிந்தது. ஒரு வாரம் போராடி, ஒவ்வொரு அசையையும் பிடித்திழுத்து அதனதன் சுரத்துக்கடியில் உட்கார வைத்தேன்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் அச்சடித்து நீட்டினார். சுரமெல்லாம் அழகாக இருந்தது. கீழே தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் காலிக் கட்டம். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிற தமிழ் எழுத்து அவருடையதில் இல்லையாம். பாய் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, ஜாதகம்னு முன்னாடியே சொல்லியிருந்தா லேமினேட் பண்ணிக் கொடுத்திருப்பேனே."

வெள்ளைக் கட்டை

ஒருவழியாகத் தமிழ் எழுத்தும் தாளில் வந்து நின்றது. தாளோடு ஒத்திகைக்குப் போனேன். டேனியல் அண்ணனுக்கு இரண்டரைக் கட்டைச் சுருதி. கான்வென்ட் கணக்கில் இ ஃபிளாட். தலைப்பில் மூன்று ஃபிளாட் குறி போட்டு லட்சணமாக அச்சடித்திருந்தேன். கீபோர்டு வாசிக்கும் சுகுமார் அதைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனார். அவர் எந்தப் பாட்டையும் சி-யில், வெள்ளைக் கட்டையில் மட்டும்தான் வாசிப்பார். சுருதி ஏற வேண்டுமானால் கீபோர்டில் ஒரு பட்டன், மூன்று தடவை அமுக்கினால் இ ஃபிளாட் கேட்கும். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் வாசிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

போகட்டும் என்று, அவருக்காக முழுப் பாட்டையும் சி-க்கு மாற்றினேன். ஒரே சொடுக்கு! இத்தனை மாதத்தில் அந்த மென்பொருள் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அந்தச் சந்தோஷத்தில், பெயரை மாற்றாமல் பழையதன் மேலேயே சேமித்துவிட்டேன். நடுவர்களுக்கான மூன்று பிரதிகளையும் அதிலிருந்தே எடுத்தேன். குழுவில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் டோ, ரே, மீ எழுத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள். எந்தச் சுருதியிலும் அவர்களுக்கு டோ டோதான். சுகுமார் மட்டும் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்: "அக்கா, இதுதான் அக்கா மனுஷன் வாசிக்கிற பேப்பர்."

தரங்கம்பாடி, இரண்டாம் முறை

இந்தத் தடவை அச்சிட்ட தாளை வாங்கிக்கொண்டு மேடை ஏற விட்டார்கள். டேனியல் அண்ணன் நோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல்தான் ஆரம்பித்தார். 'கதிர்' வந்ததும் நோட்டை மூடிவிட்டார். எத்தனை தட்டு நீட்டினார் என்று நான் எண்ணவில்லை, எண்ணுவதை விட்டுவிட்டேன். பாடி முடித்ததும் கைதட்டல். ஆனால் நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "தாள்ல சி இருக்கு, காதுல இ ஃபிளாட் கேட்குது. நான் எதுக்கு மார்க் போடறது?" என்றார். சுகுமார் எழுந்து, "ஐயா, பட்டன் போட்டிருக்கேன். அதைப் பேப்பர்ல போட முடியாதுங்க" என்றார்.

நொட்டேஷன் மார்க் மொத்தமாகப் போனது, பரிசும் போனது. டேனியல் அண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வேனுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போது மாயவரத்துக் குழுத் தலைவர் வேகமாக வந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு சபைக்காரர்கள். டேனியல் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மாயவரத்துக்காரர் கேட்டார்: "அண்ணே, வர்ற அறுப்புப் பண்டிகைக்கு எங்க சபையிலேயும் உங்க பாட்டுதான். அந்த சி-யில இருக்கிற தாளையே குடுங்க, எங்க கீபோர்டுக்காரருக்கும் கறுப்புக் கட்டைன்னா காய்ச்சல்."

ஒழுங்காகச் செய்ததை நானே அழித்து, தப்பாகச் செய்ததை மூன்று சபைக்கு அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பெயர்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வது என்றால், நான் கற்றுக்கொண்டுவிட்டேன்.