லேத்தும் பன்னீர்ச் சொம்பும்

மெக்கானிக்கல் துறையில் பாடம் நடத்தும் பெண்ணுக்கு மெஷின் சத்தம் பழகிவிடும். மனிதர் பேச்சுதான் பழகாது. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களே, நீங்களும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

முத்தான கையெழுத்து

ஓசூருக்குப் பக்கத்தில் எங்கள் இன்ஜினியரிங் கல்லூரி. கடைசி வருட மெக்கானிக்கலில் ஒரே பெண் பவித்ரா, ராயக்கோட்டைக்காரி. மெஷின் ஷாப்பில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்தால், பையன்கள் இரும்பு கடையும் லேத் மெஷினை ஓட்டுகிறார்கள். இவள் ஓரமாக நின்று அளவு எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒர்க்‌ஷாப் பொறுப்பாளரைப் பிடித்துக் கேட்டேன்.

“பொம்பளப் புள்ள எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க மேடம். கைய எதுக்கு ஆயிலாக்கிக்கணும்?”

இல்லாத டாய்லெட்

அன்றிலிருந்து லேத்தில் முதல் ஆளாக அவளைத்தான் நிறுத்தினேன். பிறகு மாணவர்கள் ஒரு கம்பெனியைப் பார்க்கப் போகும் நாள் வந்தது. பஸ் கிளம்பும் நேரத்தில் பவித்ராவை இறக்கிவிட்டார் துறைத் தலைவர். அங்கே லேடீஸ் டாய்லெட் இல்லையாம்! ஆத்திரத்தோடு அவளை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். டாய்லெட் இருந்தது. பின்னே, அங்கே வேலை செய்யும் பெண்கள் எங்கே போவார்கள்? எங்களைக் கண்டதும் தலைவர் சிரித்தார்.

“இவ்ளோ தூரம் எதுக்கு மேடம்? அந்தப் புள்ளைக்கு வீடியோ போட்டுக் காட்டியிருந்தா போதுமே.”

பட்டுப்புடவையில் பரீட்சை

கேம்பஸ் இன்டர்வியூ அன்று, பெங்களூரிலிருந்து வரும் கம்பெனிக்காரர்களை வரவேற்கப் பவித்ராவைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி, பன்னீர்ச் சொம்போடு வாசலில் நிறுத்தியிருந்தார் பிரின்சிபால். வந்தவர்கள் மாடியில் எழுத்துத் தேர்வையே தொடங்கிவிட்டார்கள். பின்னால் வரப்போகும் ஒரு மேனேஜருக்காக இவள் இன்னும் நிற்கிறாள், கண்ணில் நீர் முட்ட! சொம்பைப் பிடுங்கிப் பிரின்சிபால் கையில் திணித்துவிட்டு, அவளை மாடிக்கு இழுத்துப் போனேன். மிச்ச நேரத்தில் எழுதியே தேறிவிட்டாள். நேர்காணலில், நைட் ஷிஃப்டுக்கு வீட்டில் விடுவார்களா, கல்யாணம் எப்போது என்று ஆரம்பித்தார்கள். வெளியே நின்ற என் காதில் அவள் பதில் தெளிவாக விழுந்தது.

“பசங்க யார்கிட்டயாவது இதக் கேட்டீங்களா சார்? எங்கிட்டயும் லேத்தப் பத்திக் கேளுங்க.”

பேனர்

கேட்டார்கள், சொன்னாள், வேலை கிடைத்தது. மறுநாளே வாசலில் அவள் படத்தோடு பேனர்: ‘பெண்களுக்குச் சம வாய்ப்பு’. கிழித்தெறியலாம் போலிருந்தது. பக்கத்தில் பிரின்சிபால், முகமெல்லாம் பெருமை.

“நாம சப்போர்ட் பண்ணலன்னா அந்தப் புள்ள இவ்ளோ தூரம் வந்திருக்குமா மேடம்?”

எங்கள் தொழிலில் ஒரு பெண் தடையைத் தாண்டிவிட்டால் போதும், தடையை வைத்தவர்களே முதல் வரிசையில் நின்று கை தட்டுவார்கள்.