குறட்டைக்காரி

என் குறட்டையை ஊருக்கெல்லாம் அறிவித்தவள் என் நாத்தனார். பாரிசிலிருந்து லீவுக்கு வந்தவள் குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து, மீன் குழம்பு வைத்து, எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மதியம் கட்டிலில் சாய்ந்தேன். எழுந்து போனை எடுத்தால் குடும்ப வாட்ஸ்அப் குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். நான் தூங்கும்போது கதவருகே நின்று சத்தத்தைப் பதிவு செய்து போட்டிருந்தாள். கீழே ஒரு வரி: "மொன் தியே, கடவுளே! அண்ணி விசைப்படகு ஓட்டறாங்க."

சிரித்தவர்களில் என் கணவரும் ஒருவர்.

"அதை எடுத்துடு" என்றேன்.

"சும்மா ஜோக்குதானே அண்ணி. இதுக்கு ஏன் இவ்ளோ கோபம்?"

ஆம்பளை குறட்டை விட்டால் உழைத்த களைப்பு, பொம்பளை விட்டால் அசிங்கம். அதற்கு இரண்டு வருடம் முன்பே என் கணவர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வார். நான் காபி கொண்டுவந்து வைக்கும்போது வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை எடுத்துக்கொள்வார்கள்.

எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் தலை பாறாங்கல்லாக இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அரையாண்டுப் பரீட்சையில் கண்காணிப்புக்குப் போன இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். பிள்ளைகள் சிரித்த சத்தம் கேட்டு விழித்தபோது தலைமை ஆசிரியை எதிரில் நின்றாள். மறுநாள் மெமோ வந்தது. "வீட்ல அவ்ளோ வேலையா, இல்ல சீரியலா?" என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

அந்த வாரமே கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டு, பல் டாக்டரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. சிரிக்காத முகம். விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தவள் பல்லை விட்டுவிட்டு நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கறப்ப பல்லைக் கடிக்கிறீங்க. நாக்கு ஓரமெல்லாம் பல் தடம். கீழ்த்தாடையும் சின்னது. குறட்டை விடுவீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் பல்லுக்கு வந்திருக்கேன். பல்லை மட்டும் பாருங்க."

"பார்த்துட்டுத்தான் கேக்கறேன். பகல்ல தூக்கம் வருதா?"

எழப் பார்த்தேன். என் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள். "கோபப்படறதுன்னா நல்லா படுங்க. ஆனா டெஸ்ட் எடுத்துடுங்க. நீங்க தூங்கறப்ப தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால சரிஞ்சு, காத்து போற வழியை அடைக்குது போல. மூச்சு நின்னு நின்னு வரும். ஒவ்வொரு தடவையும் மூளை உங்களை எழுப்பிடும். உங்களுக்கு அது ஞாபகம் இருக்காது. அதுதானான்னு நான் முடிவு பண்ண முடியாது. நுரையீரல் டாக்டருக்கு எழுதித் தரேன்."

சீட்டை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் அது பையிலேயே கிடந்தது. வண்டியில் வரும்போது சிக்னலில் கண் சொக்கி, முன்னால் நின்ற ஆட்டோவில் மோதிய பிறகுதான் போனேன்.

நுரையீரல் டாக்டர் கணவரையும் கூட்டி வரச் சொன்னார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியுமாம். "இவங்களுக்குத் தூக்கத்துல மூச்சு நிக்கிறத நீங்க கவனிச்சிருக்கீங்களா?" என்று இவரிடம் கேட்டார்.

"ஓ, நிக்குமே" என்றார் இவர், ரொம்ப சகஜமாக. "ஹால் வரைக்கும் கேக்கற சத்தம், கொஞ்ச நேரம் இருக்கவே இருக்காது. அந்த கேப்லதான் சார் எனக்குத் தூக்கமே வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருஷமா?"

"அது இருக்கும், அஞ்சாறு வருஷமா."

ஐந்தாறு வருடம். என் மூச்சு நிற்பதைக் கேட்டுக்கொண்டே ஒரு மனுஷன் திரும்பிப் படுத்திருக்கிறார். வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பீச் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்திருப்பார்கள்.

மூக்கில் குழாய், விரலில் கிளிப், நெஞ்சில் பட்டை என்று மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஒரு ராத்திரி படுத்தேன். நடுத்தர அளவில் இருக்கிறது, சும்மா விடக்கூடாது என்று ரிசல்ட் வந்தது. முதலில் காற்றை அழுத்தி அனுப்பும் மிஷினை வாடகைக்குக் கொடுத்தார்கள். முகமூடியை மாட்டினாலே யாரோ தலையணையால் அமுக்குகிற மாதிரி இருந்தது. தூக்கத்தில் பிய்த்து எறிந்துவிடுவேன். கணவர் அதற்குத் தும்பிக்கை என்று பேர் வைத்தார். ஒரு மாதம் போராடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேறு வழியிருக்கிறது என்று டாக்டர் என்னை அதே பல் டாக்டரிடம் அனுப்பினார்.

"வந்துட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

மேலும் கீழும் அளவெடுத்து இரண்டு தகடு செய்தாள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் ஒரு திருகு இணைக்கும். படுக்கும்போது போட்டுக்கொண்டால் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும், நாக்கும் கூடவே வரும், தொண்டை அடைக்காது. வாரத்துக்கு ஒரு தடவை திருகைக் கொஞ்சம் முடுக்க வேண்டும். முதல் பத்து நாள் தாடை வலியில் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. தலையணையெல்லாம் எச்சில். காலையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. அதைச் சேர்ப்பதற்கென்று கொடுத்த சின்ன பிளாஸ்டிக் துண்டைக் கடித்துக்கொண்டே டிபன் பாக்ஸ் கட்டுவேன். அவளைத் திட்டாத நாள் கிடையாது.

ஆறாவது வாரம் ஒரு காலையில் அலாரத்துக்கு முன்னால் விழிப்பு வந்தது. தலை கனக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஏதோ உறுப்பைக் காணோம் என்பது போல. மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்ததில் மூச்சு நிற்பது அநேகமாகப் போயிருந்தது.

சத்தம் அடங்கியதும் கணவர் பாயோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"இப்போதான் சரியாயிடுச்சே. உள்ள படுக்கட்டுமா?"

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

நாத்தனாரிடம் சொல்லி முறையிட்டிருக்கிறார் போல. அவள் பாரிசிலிருந்து போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. குடும்பக் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன்.

போன மாதம் தகட்டைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி நெளித்துவிட்டேன். பல் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சுடுதண்ணி கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? நீங்கெல்லாம் ஒரு டீச்சரா?"

"நீங்க ஒரே ஒரு தடவைதான் சொன்னீங்க. அதுவும் என் வாய்க்குள்ள கையை வச்சுக்கிட்டு."

"வாயைத் திறங்க" என்றாள். புதுத் தகட்டுக்கு அளவெடுக்க ரோஸ் கலர் மாவை அச்சில் அப்பி உள்ளே தள்ளிவிட்டு, அது இறுகும்வரை திட்டிக்கொண்டே இருந்தாள்.