மூன்று காலுக்கு நான் போட்ட தரை

விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைப் பக்கம் வந்து யாரைக் கேட்டாலும் என் பட்டறையைக் கை காட்டுவார்கள். அது நான் கட்டியது. மூன்றாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். கூலிக்கு மண் பிசைகிறவன் சொந்தமாகச் சூளை போடப்போகிறானாம் என்று சிரித்தார்கள். போட்டேன். மழையில் இடிந்தது. மறுபடியும் போட்டேன். ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, கரண்டுக்கு ஃபியூஸ் மாட்டும் வெள்ளைக் கட்டை என்று என் சூளையில் வேகாத சரக்கு கிடையாது. பிளாஸ்டிக் வந்து பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் சாய்த்தபோது நான் சாயவில்லை. தண்ணீரே வராது என்று சொன்ன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். அந்தத் தண்ணீரை வைத்தே மாடி வீடு கட்டினேன். அந்த வீட்டின் ஹாலுக்கு நானே கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கியெடுத்த டைல்ஸ் போட்டேன். வாசலில் நின்று குனிந்தால் மேலே சுற்றும் ஃபேன் கீழேயும் சுற்றும். அப்படி ஒரு பளபளப்பு. என் மனைவி மட்டும் அந்த ஹாலில் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பாள். அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

இவ்வளவும் கட்டியவன் கடைசியாகக் கட்டியது ஒரு நாய் நடக்கிற பாதை. மற்றதற்கெல்லாம் ஊர் எனக்குப் பெயர் கொடுத்துவிட்டது. இதற்கு மட்டும் பெயர் வேறு ஆட்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகையால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பட்டறைக்குக் காவலாக ஒரு செவலை நாய் இருந்தது. நாட்டு நாய்தான். அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. 'டேய்' என்றால் வரும். நான் 'டேய்' என்று கூப்பிட்டால் என் மகனும் நாயும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் வந்து நிற்பது நாய்தான்.

போன கார்த்திகையில், பெண்ணாடம் பக்கம் கரும்பு ஏற்றிப் போன டிராக்டரைத் துரத்திக்கொண்டு ஓடியது. தினமும் துரத்துவதுதான். அன்றைக்குத் தூறல் போட்டு ரோடு ஈரமாக இருந்தது. வழுக்கி, வலது முன்னங்கால் டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. டிராக்டர்காரர் நல்ல மனுஷன், இறங்கி வந்து என்னோடு சேர்ந்து தூக்கினார். கால்நடை டாக்டரம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார், காலைத் தோளோடு எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று.

"காலை எடுத்துட்டா அது எப்படிம்மா நிக்கும்?" என்றேன்.

"மூணு கால் போதும் ஐயா. நாலாவது கால் நாய்க்கு ஒரு வசதி, அவ்ளோதான்."

எடுத்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது டாக்டரம்மா நிறையச் சொன்னார். தையலை நக்க விடக்கூடாது, மாத்திரையை நிறுத்தக்கூடாது, கண்டதைக் கொடுத்துக் குண்டாக்கிவிடக்கூடாது, வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொன்னார் என்பதை நான் மறைக்கவில்லை. பின்னால் இதுதான் சண்டைக்கு வரப்போகிறது.

தோட்டம் முழுக்கச் சேறு. புண்ணோடு அங்கே போட முடியாது. நாய் கேட்டைத் தாண்டினாலே துடைப்பத்தை எடுக்கிற என் மனைவி, தன் பழைய புடவையை ஹாலில் மடித்துப் போட்டு, "இங்க படுக்க வைங்க" என்றாள். மருமகள் ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, நக்காமல் இருக்க அதன் கழுத்தில் மாட்டினாள். மருமகள் பெண்ணாடத்துப் பெண். அவளை விடுவேனா?

"உங்க ஊரு கரும்பு வண்டி பண்ண வேலைம்மா இது."

"எங்க ஊரு வண்டி ரோட்டுல ஒழுங்காதான் போச்சு மாமா. உங்க வூட்டு ஆளுதான் குறுக்க போயிருக்காரு" என்றாள். நாயைத்தான் 'ஆள்' என்றாள்.

புண் நன்றாக ஆறியது. ஆனால் நாய் எழுந்திருக்கவில்லை. முதலில் எழப் பார்த்தது. ஒற்றை முன்னங்காலை ஊன்றும்போதே அந்தக் கால் டைல்ஸில் சர்ரென்று பக்கவாட்டில் போய், தையல் போட்ட பக்கமாக மார்பு அடித்து விழுந்தது. அப்படி விழுந்து விழுந்து, பிறகு முயற்சி செய்வதையே விட்டுவிட்டது. புடவையை விட்டு நகராது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் உருட்டும். சோற்றையும் முட்டையையும் என் மனைவி வாயில் ஊட்டிவிட்டாள். தையல் பிரிக்க வந்த டாக்டரம்மா, மெலிந்துபோயிருந்த பின்னங்கால்களை அழுத்திப் பார்த்தார்.

"இப்படியே படுத்துக் கெடந்தா இருக்கிற காலுங்களும் வீணாப் போயிடும். சீக்கிரம் நடக்க வைங்க."

"நடக்கலன்னா?" என்று என் மனைவி கேட்டாள்.

டாக்டரம்மா கத்தரிக்கோலைப் பையில் வைத்தார். எனக்கு விளங்கிவிட்டது. ஊசி போட்டுத் தூங்க வைக்கிற பேச்சு இந்த வீட்டில் வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் என் மனைவி அதன் மார்புக்குக் கீழே ஒரு துணியைக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி நடத்துவாள். எந்தத் துணி தெரியுமா? வியாபாரிகள் சங்கத்து விழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடை.

"ஏ, அது எனக்குப் போட்டது!"

"பீரோல மடிச்சி வச்சா அந்துப்பூச்சிக்குத்தான். இது பலமா இருக்குது. வாயில்லா ஜீவனுக்கு ஆவட்டும்" என்றாள்.

சரிகை வைத்த பொன்னாடையில் நாய் ராஜா மாதிரி தொங்கிக்கொண்டு போகும். அவள் கையை விட்டால் படுத்துக்கொள்ளும். அவளுக்கோ முட்டிவலி. எத்தனை நாளைக்குக் குனிந்து தூக்குவாள்?

அப்போதுதான் நான் இறங்கினேன். ஜாடிக்கு மூடி உடைந்தால் மூடி செய்கிறோம். பொம்மைக்குக் கை போனால் கை செய்கிறோம். நாய்க்குக் கால் போனால்? மிச்சமிருந்த முன்னங்காலைப் பார்த்து மண்ணில் ஒரு கால் செய்தேன். சூளையில் மண் சுருங்கும் என்பதால் அதற்கு இடம் விட்டுச் சற்றுப் பெரியதாகவே செய்தேன். விரல், நகம், உள்ளங்காலின் மெத்து எல்லாம் வந்தது. அதற்கு பிளாஸ்டரில் மோல்டு எடுத்து, உள்ளே கூடாக இருக்கும்படி வார்த்து, சுட்டேன். என் பட்டறையிலிருந்து பளபளப்பு ஏற்றாத சரக்கு வெளியே போனதே இல்லை. ஆகவே இதற்கும் நல்ல கண்ணாடிப் பளபளப்பாக கிளேஸ் கொடுத்தேன். பழைய ஸ்கூல் பையின் பட்டையைக் கோத்து, தோளில் மாட்டுகிற மாதிரி செய்தேன். இந்தப் பேட்டையில் வேறு எவனாவது செய்திருப்பானா?

மருமகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இது இடது காலு. போனது வலது காலு."

"நாய் என்னா செருப்பா மாட்டப் போவுது? வுடும்மா."

மாட்டினோம். மனைவி பொன்னாடையைப் பிடித்துக்கொள்ள, நான், "டேய், வாடா" என்றேன். நாய் வந்தது. அதாவது கால் வந்தது. பளபளப்பான தரையில் பளபளப்பான பீங்கான் கால் எண்ணெய் தடவினதுபோல வழுக்கிக்கொண்டு ஓடி, பட்டையை உருவிக்கொண்டு சோபாவில் போய் டங்கென்று முட்டியது. பொன்னாடை பிடித்திருந்ததால் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த அளவுக்குச் சூடு பார்த்து எடுத்திருந்தேன்.

என் மனைவி சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "காலு நல்லாத்தான் ஓடுது. நாய்தான் கூடப் போவ மாட்டேங்குது!"

அவள் சிரித்த சிரிப்பில் பொன்னாடை கைநழுவியது. நாய் மார்பைத் தேய்த்துக்கொண்டே தன் சோற்றுத் தட்டுக்குப் போனது. தட்டுக்கு அடியில் மருமகள் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். அந்தச் சாக்கில் முன்னங்காலை ஊன்றி, நாய் எழுந்து நின்றது. தானாக நின்றது. மற்ற இரண்டு பேரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது நான்தான்.

கால் குறைச்சல் இல்லை, தரைதான் கோளாறு. டாக்டரம்மா சொன்னபோது ஈரத்தில் வழுக்கும் என்றுதான் காதில் வாங்கினேன். காய்ந்த தரையே, அதுவும் நான் பொறுக்கியெடுத்த தரையே, நாயைத் தள்ளிவிடும் என்று யாருக்குத் தோன்றும்?

மருமகள் உடனே ஹால் முழுக்கச் சாக்கு விரித்தாள். நாய் நாலு எட்டு வைப்பதற்குள் சாக்கு சுருட்டிக்கொண்டு அதையும் இழுத்துக்கொண்டு போனது. சாக்கில் கால் மாட்டி என் மனைவியும் விழப் பார்த்தாள். "சாக்கை எடு. நான் பார்த்துக்கறேன்" என்று பட்டறைக்குப் போனேன்.

மண்ணைத் தகடு தகடாகத் தட்டினேன். ஈரம் போகும் முன்பே ஒவ்வொரு தகட்டின் மேலும் சாக்கை வைத்து அழுத்தி எடுத்தேன். சாக்கின் நூல் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே மண்ணில் இறங்கியது. சுட்டேன். கிளேஸ் கொடுக்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக, பளபளப்பு இல்லாத சரக்கை வேண்டுமென்றே செய்தேன். விரலை வைத்தால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று பிடிக்கும்.

பிறகு உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். என் மனைவி ஓடி வந்தாள்.

"என்னாங்க பண்றீங்க! இந்தத் தரைக்காவத்தானே புதுமனை புகுந்தப்ப வந்த சனத்தயெல்லாம் செருப்ப மட்டுமில்ல, மூச்சயும் வெளிய வுட்டுட்டு வரச் சொன்னீங்க?"

"நான் போட்ட தரை. நான் ஒடைக்கிறேன்."

கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றான் மகன். என் தரையை இன்னொருவன் உடைப்பதா? முதல் டைல்ஸ் பிளந்தது. அப்போதுதான் நாய் குரைத்தது. அடிபட்ட பிறகு அதுதான் அதன் முதல் குரைப்பு. சுத்தி விழ விழக் குரைத்தது. அந்தச் சத்தத்துக்காகவே மிச்சத்தையும் உடைத்தேன். வாசலிலிருந்து ஹாலைக் கடந்து சமையலறை வழியாகப் பின்கட்டு வரைக்கும், ஆள் நடக்கிற அகலத்துக்கு, என் சாக்குத் தகடுகளைப் பதித்தேன்.

சிமெண்டு இறுகிய பிறகு, நாயை அதன்மேல் விட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். கூப்பிட்டோம், கை தட்டினோம். நாய் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. "இதுக்கா தரையப் பேத்தீங்க?" என்று சொல்லிவிட்டு என் மனைவி மீன் வறுக்கப் போனாள். சற்று நேரம் கழித்துச் சமையலறையில் பெரிய சத்தம்.

"அடப் பாவி! ஏங்க, ஓடியாங்க! மீனத் தூக்கிக்கினு போறான்!"

நாய் வாயில் வறுத்த மீனோடு, மூன்று காலில், என் பாதையில் குதித்துக் குதித்து வந்தது. ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. திருப்பத்தில்கூடத் தகட்டை விட்டு இறங்கவில்லை. என் மனைவி பின்னாலேயே கரண்டியோடு வந்தாள். திட்டிக்கொண்டே அழுதாள். இன்னொரு மீனையும் அவளே கொண்டுவந்து போட்டாள். சூடு ஆறட்டும் என்று ஊதிக் கொடுத்தாள்.

மறுநாள் மருமகள் அதன் ஓட்டத்தை போனில் பிடித்தாள். நாய் வாசலிலிருந்து பின்கட்டுக்கு ஓடுகிறது, மனைவி பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கீழே, 'அத்தையின் அன்பாலும் டாக்டரம்மாவின் கைராசியாலும் மூன்று காலில் ஓடுகிறான்' என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். அது பக்கத்திலிருக்கிற நல்லூர், மங்களூரெல்லாம் போய், சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரெல்லாம் போய், திரும்ப எனக்கே வந்தது. டீக்கடையில், "உங்க சம்சாரம் நடக்க வச்ச நாய் எப்படிங்க இருக்குது?" என்று கேட்கிறார்கள். நானும், "நல்லாருக்குது" என்கிறேன். வேறென்ன சொல்ல?

டாக்டரம்மா வந்து தகட்டைத் தடவிப் பார்த்து, "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க ஐயா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, வழுக்காம பாத்துக்கச் சொல்லி" என்றார்.

"ஆமா ஆமா, டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள் என் மனைவி.

"சாக்கு போட்டது நானு" என்றாள் மருமகள்.

எல்லாம் உண்மை. டாக்டரம்மா சொன்னார், மருமகள் விரித்தாள், மனைவி தூக்கினாள். அவர்கள் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் சொன்னதும் விரித்ததும் தூக்கியதும் இருந்தபோது நாய் படுத்துத்தானே கிடந்தது? தரை வந்த பிறகுதானே ஓடியது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. என் மனைவி இப்போது சுவரைத் தொட்டு நடப்பதில்லை. வாசலுக்குப் போகும்போதும் வரும்போதும் நடு ஹாலில், நாயின் பாதையில், கையை வீசிக்கொண்டு போகிறாள். நாய் எதிரே வந்தால் இருவரும் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழி விடுகிறார்கள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு பார்த்தும் பாராததுபோல உட்கார்ந்திருக்கிறேன். இதையும் என் பங்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஆகையால் மருமகளே, உனக்குத்தான் சொல்கிறேன். அந்த வீடியோவை மறுபடியும் போடு. அத்தையின் அன்பு இருக்கட்டும், டாக்டரம்மாவின் கைராசியும் இருக்கட்டும். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'தரை: மாமா' என்று ஒரு வரி சேர். சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கிறதே அந்தப் பீங்கான் கால், அதைப் பற்றி எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். தரையை மட்டும் விட்டுவிடாதே.